கேம் கடை இடாப்பு

அவருடைய கடையில் வீடியோ கேம் விளையாட வேண்டுமென்றால் முதலில் கையெழுத்துப் போட வேண்டும். பெயர், முகவரி, வந்த நேரம், பெட்டி இலக்கம், போன நேரம், கையெழுத்து. இதற்கென்று பச்சை மட்டை போட்ட நீளமான இடாப்பு ஒன்று வாசல் மேசையில் விரித்தபடி கிடக்கும். பேனையை நூலில் கட்டியிருப்பார். வந்தவன் மூன்று நிமிடத்தில் தோற்றுப்போனாலும், போன நேரம் எழுதாமல் வெளியே போக முடியாது. கதிரையை விட்டு எழும்பி வந்து வாசலை மறித்துக்கொண்டு நிற்பார்.

"தம்பி, நீர் இன்னும் உள்ளுக்கைதான் நிக்கிறீர்" என்பார். "இடாப்பின்படி."

முப்பத்தொரு வருடம் அரசாங்கக் கச்சேரியில் வேலை பார்த்து, தலைமை எழுதுவினைஞராக ஓய்வு பெற்றவர். ஊர் முழுக்க அவரை 'சீஃப்' என்றுதான் கூப்பிட்டது. நான் 'சீஃப் ஐயா' என்பேன். யாழ்ப்பாணத்துக்காரர். இளம் வயதில் கண்டிக்கு மாற்றலாகி வந்தவர் திரும்பிப் போகவில்லை. மனைவி லண்டனில் மகளோடு இருந்தார். கடைகூட அவருடையதல்ல. மனைவியின் தம்பி கப்பலில் வேலை செய்தவர். சிங்கப்பூரிலிருந்து ஐந்து கேம் பெட்டிகளைக் கொண்டுவந்து, கண்டிக் கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு ஒழுங்கையில் இறக்கிக் கடையைத் திறந்தார். ஒரு வருடத்துக்குள் அவருக்குக் கனடாவுக்குப் போக வழி கிடைத்துவிட்டது. "அத்தான், கொஞ்ச நாளைக்குப் பாத்துக்கொள்ளுங்கோ" என்று பூட்டையும் திறப்பையும் கொடுத்துவிட்டுப் போனவர்தான். ஓய்வு பெற்று ஆறு மாதம் சும்மா இருந்த ஒரு சீஃப் கிளாக்கரின் கையில் திறப்பைக் கொடுத்தால் என்ன நடக்கும்? அடுத்த திங்கட்கிழமையே அந்தக் கடை ஒரு அரசாங்கத் திணைக்களமாகிவிட்டது.

நான் அந்தக் கட்டடத்தின் மேல்மாடியில் ஒரு நொத்தாரிசிடம் தட்டெழுத்தாளராக இருந்தேன். வீடு மஹய்யாவையில். அப்பா மாநகர சபையில் வேலை. எங்கள் குடும்பத்தில் மேசைக்கு முன்னால் உட்கார்ந்து சம்பளம் வாங்கிய முதல் ஆள் நான்தான். காலை முழுக்கக் காணி உறுதிகளைத் தட்டெழுதிக்கொண்டிருப்பேன். காலுக்குக் கீழே பலகைத் தளத்தினூடாக 'டுப் டுப்' என்று வெடிச் சத்தமும் கார் வழுக்கும் சத்தமும் வந்துகொண்டேயிருக்கும். ஒருநாள் மதியம் தாங்க முடியாமல் இறங்கிப் போனேன்.

என்னைக் கண்டதும் அவருக்குச் சங்கடமாகிவிட்டது. சுவரில் தமிழ், சிங்களம், ஆங்கிலம் என்று மூன்று மொழியிலும் பதினேழு விதிகள் எழுதிய பலகை தொங்கியது. அதில் பெண்களைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. தடுக்கவும் விதி இல்லை, விடவும் விதி இல்லை.

"பிள்ளை, நாளைக்கு வாரும்" என்றார்.

மறுநாள் பலகையின் அடியில் புதிதாக ஒரு கடதாசி ஒட்டியிருந்தது. 'விதி 18. பெண்கள்: பகல் 12.30 முதல் 1.00 வரை. ஐந்தாம் இலக்கப் பெட்டி மட்டும்.' இடாப்பிலும் கடைசிப் பக்கங்களைப் பிரித்து 'மகளிர்' என்று தலைப்புப் போட்டிருந்தார். அதற்குப் பிறகு வந்த இரண்டு வருடமும் அந்தக் கடையில் 'பெண்கள்' என்ற பன்மை என் ஒருத்தியைத்தான் குறித்தது.

விதிகளில் சிலது எனக்கு இன்னும் பாடம். பெட்டியை உதைக்கக் கூடாது. பெட்டியைத் திட்டக் கூடாது. பாடசாலைச் சீருடையில் வரக் கூடாது. அதனால் மாணவர்கள் புத்தகப் பையில் புத்தகத்துக்குப் பதிலாக டீ-சேர்ட் கொண்டுவந்தார்கள். ஒன்பதாம் விதிதான் எல்லாவற்றிலும் விசேஷம். 'விளையாடுபவருக்குப் பின்னால் மூவருக்கு மேல் நிற்கலாகாது. அவர்களில் ஆலோசனை கூறுபவர் ஒருவராக மட்டுமே இருத்தல் வேண்டும்.'

"ஏன் ஐயா மூணு பேரு?" என்று கேட்டேன்.

"விளையாடுறவனோடை நாலு. ஐஞ்சு பேர் சேர்ந்தால் சட்டத்திலை அது கூட்டம். நாடு இருக்கிற நிலைமையிலை எங்களுக்கு ஏன் கூட்டம்?"

அவர் எவ்வளவு கண்டிப்பாக எண்ணினாலும் கூட்டம் இருந்தது. லீவில் வந்த ராணுவச் சிப்பாய்கள், புடவைக் கடைச் சேல்ஸ்மன்கள், மாநகர சபைத் தொழிலாளர்கள், கெம்பஸ் பெடியன்கள், மார்க்கெட்டில் மீன் வெட்டிவிட்டுக் கை கழுவாமல் வருபவர்கள். கை கழுவுவதற்கும் விதி இருந்தது. இரண்டாம் பெட்டியில் இரண்டு பேர் சேர்ந்து ஒரே விமானத்தை ஓட்டலாம், ஒருவர் ஓட்ட மற்றவர் சுட வேண்டும். வடக்கில் சண்டை பிடித்துவிட்டு லீவில் வந்த சிப்பாயும், அவனுடைய முகாமில் மாட்டியிருந்தால் சந்தேக நபராக இருந்திருக்கக்கூடிய தமிழ்ப் பெடியனும் தோளோடு தோள் ஒட்டி நின்று யாரோ பச்சை நிற வேற்றுக்கிரகவாசிகளைச் சுட்டுத் தள்ளுவார்கள். பின்னால் நிற்கும் மூவரும் மூன்று மொழியில் கத்துவார்கள். நாட்டின் பிரச்சினையைத் தீர்க்க அப்போது எத்தனையோ மாநாடுகள் நடந்தன. ஒன்றிலும் இவ்வளவு ஒத்துழைப்பை நான் பார்த்ததில்லை.

பௌத்தர்கள் உயிர்க்கொலை தவிர்க்கும் போயா தினங்களில் சுடுகிற பெட்டிகள் மூன்றையும் வெள்ளைத் துணியால் மூடிவிடுவார். கார் ஓட்டும் பெட்டி திறந்திருக்கும். அதில் ஆட்கள் மோதிச் சாகிறார்களே என்று யாரோ கேட்டபோது, "அது விபத்து. எண்ணத்திலை கொலை இல்லை" என்றார். வெள்ளிக்கிழமை ஜும்மா நேரத்தில் எல்லாப் பெட்டியின் சத்தத்தையும் குறைப்பார். ஒருமுறை விகாரையிலிருந்தும் பள்ளிவாசலிலிருந்தும் கோயிலிலிருந்தும் கிறிஸ்தவக் கோயிற்பற்றிலிருந்தும் ஆட்கள் சேர்ந்து வந்து, இளைஞர் கெட்டுப்போகிறார்கள், கடையைப் பூட்ட வேண்டும் என்று மகஜர் கொடுத்தார்கள். அவர் மகஜரை வாங்கி, நாலு தரப்பின் கையெழுத்தையும் தடவிப் பார்த்தார்.

"இந்த நாட்டிலை நாலு சமயமும் ஒரு கடதாசியிலை ஒப்பம் வைச்சு நான் இப்பதான் பாக்கிறன்" என்றார். உண்மையாகவே சந்தோஷப்பட்டுச் சொன்னார். "நீங்கள் அடிக்கடி வர வேணும்."

பிறகு வந்தவர்களை இடாப்பில் கையெழுத்து வைக்கச் சொன்னார். போகும்போது போன நேரமும் எழுத வைத்தார். அவர்கள் திரும்பி வரவில்லை.

மின்வெட்டுக் காலத்தில் அவருக்கு ஒரு புதுச் சிக்கல் வந்தது. ஒருவன் ஆடிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போய்விட்டால், கேமில் மீதியிருந்த உயிர்களுக்கு என்ன செய்வது? அவர் யோசித்துவிட்டு ஒரு அட்டை அச்சடித்தார். ஓய்வூதியக்காரர்கள் தாங்கள் இன்னும் சாகவில்லை என்று வருடத்துக்கு ஒருமுறை ஒப்பம் வாங்கிக் கொடுக்க வேண்டும் அல்லவா? அந்தப் பத்திரத்தின் வாசகத்தையே எடுத்துக்கொண்டார். 'மேற்படி நபருக்கு இன்றைய தினத்தில் ... உயிர்கள் மீதி உள்ளன என்பதை இத்தால் உறுதிப்படுத்துகிறேன்.' கீழே ஒப்பம், றப்பர் முத்திரை. கரண்ட் வந்த பிறகு எந்த நாளும் கொண்டுவந்து மீதி உயிரை ஆடலாம்.

கம்பளைப் பக்கத்துச் சிங்களச் சிப்பாய் ஒருவன் ஒரு உயிர் மீதி என்று அட்டை வாங்கிக்கொண்டு வடக்குக்குத் திரும்பிப் போனான். பேர்சில் வைத்துக்கொண்டு, "அங்கே இதைக் காட்டினால் விடுவார்களா, மாத்தயா?" என்று சிரித்தான். சீஃப் ஐயா சிரிக்கவில்லை. "அங்கை செல்லாது. இஞ்சை மட்டும்தான்" என்று சிங்களத்தில் விளக்கினார். அந்தச் சிப்பாய் பிறகு வரவில்லை. வேறு முகாமுக்கு மாறியிருக்கலாம், கல்யாணம் முடித்திருக்கலாம். கம்பளையிலிருந்து எந்தச் சிப்பாய் வந்தாலும் இவர் அட்டையின் அடிக்கட்டையைக் காட்டி, "இந்த ஆள் தன்ரை உயிரை எடுக்க வரேல்லை. தெரிஞ்சால் சொல்லும்" என்பார். யாருக்கும் தெரிந்திருக்கவில்லை.

இவருக்கு ஏன் இந்த எழுத்துப் பைத்தியம் என்று எனக்கு ஒருநாள் விளங்கியது. மகளிர் நேரத்தில் அவர் மேசையில் சாப்பிட்டுக்கொண்டிருப்பார். அப்படி ஒரு மதியம் தானாகவே சொன்னார். எண்பத்து மூன்று கலவரத்தில் அவர் இருந்த வாடகை வீட்டுக்குத் தமிழரைத் தேடி ஆட்கள் வந்தார்களாம். கையில் வாக்காளர் இடாப்பு.

"நான் ஜன்னலாலை எட்டிப் பாத்தன் பிள்ளை. அது பழைய இடாப்பு. எனக்கு முந்தி இருந்த ஆளின்ரை பேர்தான் அதிலை கிடந்தது. அவர் சிங்கள ஆள். நான் சொன்னன், உது பிழையான இடாப்பு, புதுசு வந்திட்டுது எண்டு."

"அவங்ககிட்டயா சொன்னீங்க?"

"ஓம். உள்ளதைத்தானே சொன்னன். திருத்தினாப் பிறகு எரிச்சினம்."

சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார். மனைவியும் மகளும் பின்வேலியால் ஏறிப் பக்கத்து வீட்டுக்குள் போய்விட்டார்களாம். அவர் திருத்தத்தைச் சொல்லாமல் விட்டிருந்தால் ஒருவேளை வீடு தப்பியிருக்கும். அதை மனைவி இன்றுவரை மன்னிக்கவில்லை என்றார்.

"ஆனா பிழை பிழைதானே பிள்ளை. எங்கடை ஆக்கள் எங்கை, எந்த நேரம் நிண்டவை எண்டு நாங்கள்தான் சரியா எழுதி வைக்க வேணும். மற்றவன் எழுதினால் பிழையாத்தான் எழுதுவான்."

லோகுவை நான் அந்தக் கடையில்தான் சந்தித்தேன். லோகநாதன். புசல்லாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை, கண்டியில் ஒரு முஸ்லிம் ஹாஜியாரின் புடவைக் கடையில் சேல்ஸ்மன். மகளிர் நேரத்தில் ஐந்தாம் பெட்டியில் ஆண்கள் விளையாடக் கூடாது என்றுதான் விதி இருந்தது, ஆலோசனை கூறக் கூடாது என்று இல்லை. இதை லோகு பலகையைப் பார்த்துக் கண்டுபிடித்தார். சீஃப் ஐயா மூன்று மொழியிலும் விதியை வாசித்துப் பார்த்துவிட்டு, இடாப்பின் மகளிர் பக்கத்தில் 'ஆலோசகர்' என்று ஒரு நிரலைச் சேர்த்தார்.

"ஆலோசனை பெட்டியைப் பற்றி மட்டும் இருக்கட்டும்" என்றார் லோகுவிடம்.

நாலு மாதம் அப்படித்தான் இருந்தது. பிறகு ஒரு நாள் மதியம் நாங்கள் இரண்டு பேரும் கடைக்குப் போகாமல் உடவத்தைக் காட்டுக்குப் போனோம். கண்டியில் காதலிப்பவர்கள் எல்லாரும் ஒரு குடையோடு போகிற இடம் அதுதான். நாங்களும் குடை கொண்டுபோனோம். ஒன்றரைக்கு அவரவர் வேலைக்குத் திரும்பிவிட்டோம்.

அதே மதியம் பஸ் நிலையத்தில் ஒரு பார்சல் அநாதையாகக் கிடந்திருக்கிறது. குண்டாக இருக்குமென்று பாதையை மூடினார்கள். விசேட ஆட்கள் வந்து அதை வெடிக்க வைத்தார்கள். உள்ளேயிருந்து சோறும் உருளைக்கிழங்குக் கறியும் ஒரு அவித்த முட்டையும் பறந்தன. அத்தோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் அதற்குள், நீலச் சேர்ட் போட்ட ஒரு பெடியன் பன்னிரண்டே முக்காலுக்கு அதை வைத்ததைக் கண்டேன் என்று யாரோ சொல்லி, பொலிஸில் வழக்குக் கோவை திறந்துவிட்டார்கள். பார்சலில் இருந்தது சோறு என்பது நிரூபணமாகிவிட்டது. சோற்றை வைத்தது யார் என்பது நிரூபணமாகவில்லை. மூன்று மணிக்குப் புடவைக் கடைக்கு வந்து, அடையாள அட்டையில் தோட்டத்து முகவரியும் உடம்பில் நீலச் சேர்ட்டும் இருந்த லோகுவைக் கொண்டுபோனார்கள்.

எங்கள் பழக்கத்தை ஊகித்திருந்த ஹாஜியார் மூச்சு வாங்க மேல்மாடிக்கு வந்தார். "தங்கச்சி, லோகுவப் பொலிஸ் கொண்டு போய்ட்டாங்க. பகலைக்கு எங்க இருந்தான்டு கேக்குறாங்க, பொடியன் வாயத் தொறக்குறானில்ல. ஒங்களுக்கு ஏதும் தெரியுமா?"

எனக்குத்தானே தெரியும். நான் கீழே ஓடினேன். சீஃப் ஐயா மேசையில் இருந்தார். கடையில் இருந்தவர்களை விலகி நிற்கச் சொல்லிவிட்டு, நான் அழுது முடியும் வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவரு என்கூடதான் இருந்தாருங்க ஐயா. உடவத்தைக்குப் போனோம். நான் போய்ச் சொல்லிர்றேன்."

"உம்மடை வீட்டிலை, கொப்பருக்குத் தெரியுமோ?"

"தெரியாது."

"நீர் சொன்னால் பொலிஸ் நம்பாது. காதலிக்கிற பிள்ளை சொல்லத்தான் செய்யும் எண்டு விடுவாங்கள். ஆனா மஹய்யாவை நம்பும். பின்னேரத்துக்குள்ளை எல்லாரும் நம்புவினம்." பேனையின் நூலைச் சிக்கெடுத்தார். "அவன் அதுக்காகத்தான் வாயைத் திறக்கேல்லை."

இடாப்பைத் தன் பக்கம் இழுத்து மகளிர் பக்கத்தை விரித்தார். அன்றைய தேதிக்கு நேரே ஒன்றுமில்லை. நான் வரவில்லையே. நூலில் கட்டிய பேனையை எடுத்து, என் பெயரை அவரே எழுதினார். வந்த நேரம் 12.32. பெட்டி 5. ஆலோசகர்: ச. லோகநாதன். போன நேரம் 12.58.

"முழு நேரமா எழுதினால் பொய் மாதிரி இருக்கும்" என்றார். "முப்பத்தொரு வருஷம் மற்றவன்ரை லீவுக் கடிதத்திலை பொய் பிடிச்சனான் பிள்ளை. பொய் எப்பிடி இருக்கும் எண்டு எனக்குத் தெரியும். கையெழுத்து வையும்."

வைத்தேன். மேற்பார்வையாளர் என்ற இடத்தில் அவர் ஒப்பம் வைத்து, முத்திரை குத்தி, மை காயும் வரை ஊதினார். பிறகு சேர்ட்டின் கழுத்துப் பொத்தானைப் பூட்டிக்கொண்டு, இடாப்பைக் கமக்கட்டுக்குள் வைத்து, "வாரும்" என்றார்.

பொலிஸ் நிலையத்தில் இன்ஸ்பெக்டர் முதலில் அவரை உட்காரச் சொல்லவில்லை. இவர் சுத்தமான கச்சேரிச் சிங்களத்தில் தன்னை அறிமுகம் செய்து, இடாப்பை மேசையில் வைத்து, பக்கத்தைக் காட்டினார். இன்ஸ்பெக்டர் வாசித்தார். முத்திரையைப் பார்த்தார். அந்த மேசையில் கிடந்த எந்தப் புத்தகமும் அவ்வளவு சுத்தமாக இருக்கவில்லை.

"கேம் விளையாட ஏன் இதெல்லாம் எழுதுகிறீர்கள்?"

"யாராவது ஒருநாள் கேட்பார்கள் என்று, சேர்."

"இதில் நீங்கள் எதை வேண்டுமானாலும் எழுதலாமே."

"மற்றப் பக்கங்களையும் பாருங்கள், சேர். எந்த ஆளையும் விசாரித்துப் பாருங்கள். நேரம் ஒரு நிமிடம் பிசகாது."

இன்ஸ்பெக்டர் முன்பக்கங்களைப் புரட்டினார். விரல் ஒரு வரியில் நின்றது. நான் எட்டிப் பார்க்கவில்லை, முகத்தைத்தான் பார்த்தேன். கழுத்திலிருந்து மேலே சிவப்பு ஏறியது.

"இது செவ்வாய்க்கிழமை. காலை பத்தேகால்" என்றார் மெதுவாக. "பொலிஸ் குவார்ட்டர்ஸ் முகவரி. இது என் மகன்."

சீஃப் ஐயா குனிந்து பார்த்தார். "ஆம், சேர். பத்தேகாலிலிருந்து பதினொன்று ஐந்து வரை. மூன்றாம் பெட்டி."

"அந்த நேரம் அவனுக்குப் பாடசாலை."

"சீருடையில் வரவில்லை, சேர். விதி ஆறு."

"இது உண்மையா?"

"பாருங்கள், கையெழுத்து அவனுடையது."

இன்ஸ்பெக்டர் கையெழுத்தைப் பார்த்தார். அடுத்த வாரத்தையும் புரட்டினார். அடுத்த செவ்வாயிலும் மகன் இருந்தான். இன்ஸ்பெக்டரின் மகனைக்கூட மறைக்காத புத்தகம் ஒரு சேல்ஸ்மன் விஷயத்தில் ஏன் பொய் சொல்லப் போகிறது? இடாப்பை மூடி இவர் பக்கம் தள்ளினார். சார்ஜன்டைக் கூப்பிட்டு லோகுவை விடச் சொன்னார். பிறகு தொப்பியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பினார்.

ஆறு மணிக்கு லோகு வெளியே வந்தார். இடது கன்னம் வீங்கியிருந்தது. அந்தப் பக்கத்துக் காது சில மாதங்களுக்குச் சரியாகக் கேட்கவில்லை. சீஃப் ஐயாவைக் கும்பிடப் போனார். இவர் இடாப்பைக் குறுக்கே பிடித்துத் தடுத்தார்.

"நீர் பன்னிரண்டு முப்பத்திரண்டுக்கு வந்தனீர். பன்னிரண்டு ஐம்பத்தெட்டுக்குப் போனனீர். பாடமாக்கும்" என்றார். கடை வாசலுக்கு வந்ததும் என்னிடம் மட்டும் சொன்னார்: "அந்தப் பெடியனுக்கு இப்ப அடி விழும். ஒருத்தனை எடுக்கிறதுக்கு இன்னொருத்தனைக் குடுத்திட்டன்."

மறுநாள் கடை திறக்கவில்லை. கதவில் மூன்று மொழியிலும் அறிவித்தல்: 'ஒழுங்கு நடவடிக்கை காரணமாக மூன்று நாட்கள் மூடப்பட்டிருக்கும்.' பதினாலாம் விதி எனக்கு ஞாபகம் வந்தது. இடாப்பில் பொய்ப் பதிவு செய்பவருக்கு மூன்று நாள் தடை. யாரோ பெரிய தப்புச் செய்துவிட்டான் என்று வாடிக்கையாளர்கள் ஒருவரையொருவர் சந்தேகப்பட்டார்கள். சேர்ட்டைக் களவாக மாற்றிக்கொண்டு வந்த மாணவர்கள்கூட நல்லவர்கள் போல முகத்தை வைத்துக்கொண்டு அறிவித்தலை வாசித்தார்கள். நான் மேல்மாடி ஜன்னலால் பார்த்தேன். சீஃப் ஐயா வழக்கம்போல ஒன்பது மணிக்கு வந்து, எதிரிலிருந்த தேத்தண்ணிக் கடையில் உட்கார்ந்து, பூட்டியிருந்த தன் கடையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்து மணிக்கு எழும்பிப் போனார். மூன்று நாளும் அப்படித்தான்.

நாலாம் நாள் திறந்தார். லோகு கேட்டார், "ஐயா, இந்தத் தண்டனை எங்க ரெண்டு பேருக்கும் சேர்த்துத்தானே?"

"ஆலோசகர் கையெழுத்து வைக்கிறதில்லை. உமக்கு விதி இல்லை" என்றார். என்னைப் பார்க்கவில்லை. எனக்கு அந்த மூன்று நாளும் கடை பூட்டியிருந்ததே தடையாகிவிட்டது என்று அவர் கணக்கு வைத்திருக்க வேண்டும்.

கடையை எந்த மகஜராலும் அசைக்க முடியவில்லை. அதை அசைத்தது டீவியில் பூட்டி விளையாடுகிற சின்னப் பெட்டிதான். மத்திய கிழக்குக்கு வேலைக்குப் போன பெண்கள் திரும்பி வரும்போது தங்கச் சங்கிலியோடு அதையும் கொண்டுவந்தார்கள். மஹய்யாவையில் எங்கள் வரிசையிலேயே மூன்று வீட்டில் இருந்தது. பிள்ளைகள் கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள்ளேயே சுட்டார்கள். தாய்மாருக்கு நிம்மதி. சுற்றிவளைத்துப் பிடிக்கும் ரவுண்டப், பார்சல் என்று இருந்த காலத்தில், பிள்ளை வீட்டுக்குள் இருப்பதைவிட வேறென்ன வேண்டும்? மகஜர் கொடுத்த ஆட்களில் இரண்டு பேர் வீட்டிலும் அந்தப் பெட்டி வந்துவிட்டதாக ஹாஜியார் சொன்னார். அதில் ஒரு வீடு அவருடையது.

முதலில் பின்னால் நிற்பவர்கள் குறைந்தார்கள். மூன்று பேருக்கு மேல் நிற்கலாகாது என்ற விதி இருந்த இடத்தில் ஒருவர்கூட இல்லை. பிறகு விளையாடுபவர்கள் குறைந்தார்கள். சிப்பாய்களும் வருவதில்லை, லீவு கிடைப்பதில்லை என்றார்கள். ஒரு பெட்டி பழுதானால் மற்றப் பெட்டியிலிருந்து பாகம் கழற்றிப் போட்டார். ஐந்து நாலாகி, நாலு இரண்டாகியது. அப்போதும் ஒன்பது மணிக்கு இடாப்பில் தேதி எழுதுவார். மாலையில் 'எவருமில்லை' என்று எழுதி ஒப்பம் வைப்பார்.

"பூட்டிட்டு லண்டனுக்குப் போங்களேன் ஐயா" என்று ஒருநாள் சொன்னேன்.

"அங்கை மனிசி இருக்கிறா" என்றார்.

கனடாவிலிருந்து மைத்துனர் ஒருநாள் டெலிபோனில் சொல்ல, கடை போய்விட்டது. பெட்டிகளைக் கொழும்பிலிருந்து ஒருவன் வந்து ஏற்றிப்போனான். கண்ணாடிக்காகவும் பலகைக்காகவும் வாங்கினானாம். கடையில் டெலிபோன் கூண்டுகள் வைத்த கொமியுனிகேஷன் ஒன்று வந்தது. அதற்குப் பிறகும் சில சனிக்கிழமைகளில் பழைய ஆட்கள் இரண்டு மூன்று பேர் அந்த வாசலில் நின்றதைக் கண்டிருக்கிறேன். யாருக்கும் டெலிபோன் எடுக்க வேண்டியிருக்கவில்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டுக் கலைந்து போவார்கள்.

எங்கள் கல்யாணம் கடை மூடி இரண்டு வருடத்துக்குப் பிறகுதான் நடந்தது. லோகுவின் தங்கச்சிமார் இரண்டு பேருக்கு முதலில் முடிய வேண்டியிருந்தது, என் அப்பாவுக்குக் கோபம் முடிய வேண்டியிருந்தது. பதிவுக்கு இரண்டு சாட்சி வேண்டும். ஒருவர் ஹாஜியார். மற்றவர் யார் என்று நாங்கள் யோசிக்கவே இல்லை. சீஃப் ஐயா கட்டுக்கலையில் ஒரு அறையில் தனியாக இருந்தார். போய்க் கேட்டோம். "வாறன்" என்றார்.

வெள்ளைச் சேர்ட்டும் கழுத்துப் பொத்தானுமாக நேரத்துக்கு அரை மணித்தியாலம் முந்தியே வந்துவிட்டார். பதிவாளர் எங்கள் பத்திரங்களைப் பார்க்குமுன் இவர் வாங்கிப் பார்த்து, லோகுவின் பிறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்துப் பிழை கண்டுபிடித்து, அதற்கு ஒரு சத்தியக் கடதாசியும் எழுதுவித்தார். நானும் லோகுவும் ஒப்பம் வைத்தோம். ஹாஜியார் வைத்தார். பதிவாளர் பேனையைச் சீஃப் ஐயா பக்கம் நீட்டினார். அவர் வாங்கவில்லை.

"பிள்ளை, இஞ்சை வாரும்" என்று என்னையும் லோகுவையும் ஓரமாகக் கூட்டிப்போனார். "நான் சாட்சி வைக்கேலாது."

"ஏன் ஐயா?"

"இது அரசாங்கப் பதிவு. சாட்சி எண்டால் அந்த ஆளின்ரை கையெழுத்துக்கு ஒரு பெறுமதி இருக்க வேணும். நான் ஒருக்கால் பொய்க் கையெழுத்து வைச்ச ஆள்."

"அது எங்களுக்காகத்தானே வச்சீங்க" என்றார் லோகு.

"அதைத்தான் சொல்லுறன். தவறுதலா வைக்கேல்லை, தெரிஞ்சுதான் வைச்சனான். நாளைக்கு உமக்கு உப்பிடி ஒண்டு வந்தால் திரும்பவும் வைப்பன். உப்பிடிப்பட்ட ஆளைச் சாட்சிக்குப் பிடிக்கக் கூடாது. பொறுங்கோ, நான் நல்ல ஆள் ஒண்டு கொண்டுவாறன்."

நாங்கள் எதுவும் சொல்லுமுன் வெளியே போய்விட்டார். பதிவாளர் மணிக்கூட்டைப் பார்த்தார். மதியச் சாப்பாட்டுக்குப் போக ஆறு நிமிடம் இருந்தது. சீஃப் ஐயா ஒரு மனிதரைத் தோளில் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தார். வாசல் மரத்தடியில் தட்டெழுத்து இயந்திரத்தோடு இருந்து, வருகிறவர்களுக்கு மனு எழுதிக் கொடுக்கிறவர். காதில் பென்சில். சீஃப் ஐயா அவருடைய அடையாள அட்டையை வாங்கி இரண்டு பக்கமும் வாசித்தார். திருப்பிக் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு கேட்டார்.

"ஒண்டு மட்டும் சொல்லும். நீர் இதுவரைக்கும் எங்கையாவது பொய்க்குக் கையெழுத்து வைச்சிருக்கிறீரோ?"

மனு எழுதுகிறவர் சிரித்தார். "என்ன ஐயா கேக்கிறீங்க? அதானே நம்ம தொழிலு. இன்னைக்குக் காலைல மட்டும் நாலு வச்சிருக்கேன்."

பதிவாளர் எழும்பிக் கதிரையைப் பின்னால் தள்ளினார். சீஃப் ஐயா அவரைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், அடையாள அட்டையை இன்னொரு தரம் பார்த்தார். பிறகு அதை மனிதரிடம் கொடுத்துவிட்டு, பேனை மூடியைத் தானே கழற்றி நீட்டினார்.

"சரி, பழகின கை" என்றார். "வடிவா வையும்."